கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை

அறிவுமதி கடலைப் பார்த்தது ஒன்றிரண்டு முறைதான். பள்ளிச் சுற்றுலாவில் மாமல்லபுரம் போனபோது ஒரு தடவை, அக்கா கல்யாணத்துக்குப் புடவை எடுக்கச் சென்னை போனபோது மெரினாவில் ஒரு தடவை. ஆனால் வேலைக்குச் சேர்ந்த பிறகு அவள் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தது கடலுக்கு நடுவே குடியிருந்தவர்களோடுதான்.

திருவண்ணாமலையில், செங்கம் சாலையில் ஆசிரமத்தைத் தாண்டிப் போனால், வெளிநாட்டுக்காரர்கள் மாதக்கணக்கில் தங்கும் வீடுகளுக்கு நடுவே ஒரு காப்பிக்கடையும், அதற்கு மேல்மாடியில் ஒரு சிறிய அலுவலகமும் இருந்தன. அலுவலகம் சுந்தரேஷுடையது. அண்ணாமலையார் கோயிலில் பூஜை முறை உள்ள குடும்பம். அவர் மட்டும் இன்ஜினியரிங் படித்து, பெங்களூரில் வேலை பார்த்து, கொரோனா சமயத்தில் ஊர் திரும்பியவர். வங்கக் கடலுக்கு அப்பால் ஒரு தீவுக்கூட்டத்தில் அரசுச் சேவைகளையெல்லாம் கைப்பேசிக்குக் கொண்டுவரும் திட்டம் தொடங்கியபோது, போனில் உதவி கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் வேலையை அவர் ஒப்பந்தம் எடுத்தார். அந்தத் தீவுகளில் சிலவற்றில் தமிழர்கள் இருந்தார்கள். இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்து, ரப்பரும் பாக்கும் பயிரிட அங்கே குடியமர்த்தப்பட்ட குடும்பங்கள். அவர்களோடு தமிழில் பேச ஆள் தேவைப்பட்டது. அடி அண்ணாமலையிலிருந்து ஸ்கூட்டியில் வந்து போகக்கூடிய, பி.சி.ஏ. முடித்த அறிவுமதிக்கு அப்படித்தான் அந்த வேலை கிடைத்தது.

அவளுக்கு வந்த அழைப்புகளில் பாதி, வெள்ளைத்துறை என்ற சின்னத் தீவிலிருந்து வந்தவை. அங்கே ஒரு பள்ளிக்கூடம், ஒரு முருகன் கோயில், கப்பல் வந்து நிற்க ஒரு ஜெட்டி, நூற்றுச் சொச்சம் வீடுகள். சாதிச் சான்று, பிறப்புச் சான்று, ரேஷன் அட்டை என்று எதுவானாலும் தலைமைத் தீவுக்குக் கப்பலேறிப் போக வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறை கப்பல். கடல் சரியில்லை என்றால் அதுவும் கிடையாது. காகிதம் ஒன்றில் ஒரு கையெழுத்துக்காகப் போனவர்கள் வாரக்கணக்கில் அங்கேயே மாட்டிக்கொள்வதுண்டு.

அந்தத் தீவிலிருந்து ஜோதியம்மாள் முதலில் கூப்பிட்டது விதவை ஓய்வூதியத்துக்காக. வருடத்துக்கு ஒருமுறை தான் உயிரோடு இருப்பதைக் காட்டினால்தான் பணம் தொடர்ந்து வரும். இதுவரை அலுவலகத்துக்கு நேரில் போய்க் காட்டியவள், இந்த முறை கைப்பேசியில் முகத்தைக் காட்ட வேண்டும். கைப்பேசி அவள் முகத்தை ஏற்கவே இல்லை.

"என்னா புள்ள இது, நான் செத்துட்டேன்னு சொல்லுதா?"

"இல்லம்மா, வெளிச்சம் பத்தலைன்னு சொல்லுது. வெளிய வந்து நில்லுங்க. கண்ணாடி போட்டிருந்தா கழட்டிடுங்க. இப்ப கண்ண சிமிட்டுங்க."

"சிமிட்டிட்டேன்."

"இன்னொரு வாட்டி, மெதுவா."

பச்சை நிறத்தில் சரி என்று வந்ததும் அந்தப் பக்கம் ஜோதியம்மாள் கத்திய கத்தலில் அறிவுமதி காதிலிருந்து கருவியைக் கழற்றிவிட்டாள். யாரையோ கூப்பிட்டு, "பாத்தியா, உக்காந்த எடத்துல முடிஞ்சுது" என்று சொல்வது கேட்டது.

அதன் பிறகு ஜோதியம்மாள் அடிக்கடி கூப்பிட்டாள். ரேஷன் அட்டையில் மகன் பெயரை நீக்க வேண்டும். காற்றில் விழுந்த தென்னைக்கு நிவாரணம் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் சான்று வேண்டும். சில நாள் எதுவும் வேண்டாம், சும்மா. ஜெட்டி ஓரத்தில் அவளுக்கு ஒரு டீக்கடை இருந்தது. கப்பல் வரும் நாளில் வடை போடுவாள். தூரத்தில் கப்பல் ஊதும் சத்தம் கேட்டால் போதும், வரவேண்டிய ஆள் யாரும் இல்லாத வீட்டிலிருந்தும் ஜெட்டிக்கு வந்துவிடுவார்களாம். உருளைக்கிழங்கு, கேஸ் சிலிண்டர், நர்சம்மா, மகன் அனுப்பும் பார்சல் எல்லாம் அதில்தான் வரும். பாக்கும் கருவாடும் அதில்தான் போகும்.

"ஒங்க ஊர்ல மலை இருக்கு, சுத்தி வருவீங்க. எங்களுக்குச் சுத்தித் தண்ணி. கப்பல் வந்தாத்தான் நாங்க ஒலகத்துல இருக்கோம்" என்று ஒருநாள் சொன்னாள். அறிவுமதி சிரித்தாள். அதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிட்டது.

ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது சுந்தரேஷ் அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"அறிவு, மேலிடத்துலருந்து ரிவ்யூ இருக்கு. பயனாளி ஒருத்தர் பேசற மாதிரி சின்ன வீடியோ வேணும்ங்கறா. நல்லா பேசறவங்க யாராவது இருக்காங்களா?"

அறிவுமதி யோசிக்கவே இல்லை. "ஜோதியம்மா இருக்காங்க சார்."

வீடியோ அழைப்பில் ஜோதியம்மாளை முதல் முறையாகப் பார்த்தாள். குள்ளமான, கறுத்த, பெரிய பல்வரிசை உள்ள பெண். அரக்கு நிறப் பட்டுப்புடவை கட்டி, தலை வாரி, டீக்கடை வாசலில் பெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்தாள். பின்னால் கடல் தெரிந்தது. ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை.

"முன்னாடி எல்லாத்துக்கும் கப்பல் ஏறிப் போவோம். ஒரு கையெழுத்துக்கு ஒரு வாரம் ஆயிரும். இப்ப இந்தப் போன்லயே முடியுது. ஆனா ஒண்ணு புள்ள, ஆபீசுக்குப் போற சாக்குல நான் தங்கச்சி வீட்டுக்குப் போவேன், ஆஸ்பத்திரில சக்கரை பாப்பேன், அது கொறஞ்சு போச்சு. கப்பல் வந்து போறது..."

"அம்மா, அம்மா, இருங்க," என்றாள் அறிவுமதி. "ரொம்ப நீளமா போவுது. ஒரு நிமிஷத்துக்குள்ள இருக்கணும். தங்கச்சி வீடெல்லாம் வேணாம். 'இப்ப நாங்க கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியதில்ல'ன்னு மட்டும் சொல்லுங்க. போதும்."

"அப்படியேவா?"

"அப்படியே. கொஞ்சம் சத்தமா, சிரிச்ச மாதிரி."

ஜோதியம்மாள் புடவையைச் சரி செய்துகொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள். காற்று இரைச்சலில் சரியாகப் பதியவில்லை. அறிவுமதி இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். இரண்டாம் முறை மிக நன்றாக வந்தது.

அந்த வீடியோ எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. கூட்டத்தில் போட்டபோது கைதட்டினார்களாம். ஒப்பந்தம் நீண்டது. சுந்தரேஷ் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார், அறிவுமதிக்குச் சம்பளமும் கூட்டினார். அவள் வீடியோவை அம்மாவிடம் காட்டினாள். "நல்லா பேசுதே இந்தம்மா" என்றாள் அம்மா. ஜோதியம்மாளும் அதைத் தீவில் எல்லோருக்கும் போட்டுக் காட்டியதாகச் சொன்னாள்.

மழைக்காலம் முடிந்த சமயத்தில் வெள்ளைத்துறையிலிருந்து திடீரென்று அழைப்புகள் குவிந்தன. எல்லாம் ஒரே விஷயம். இனி மாதத்துக்கு இரண்டு முறைதான் கப்பல் வருமாம். பாக்கு வியாபாரி அப்பாதுரை அன்று காலையிலேயே கூப்பிட்டார். அவர் எப்போதும் நிதானமாகப் பேசுபவர். அன்று வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"கம்ப்ளெய்ன்ட் எழுதிக்கம்மா. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ கப்பல் வந்தா என் பாக்கு என்ன ஆவறது? மீன்காரங்க என்ன செய்வாங்க? ஒரு பிரசவம்னா?"

அறிவுமதி கணினியில் புகார் வகைகளைப் பார்த்தாள். ஓய்வூதியம், சான்றிதழ், நிவாரணம், ரேஷன். கப்பல் இல்லை. 'இதர' என்பதில் பதிந்தாள்.

"ஏன் சார் கொறைச்சாங்க? எதாவது சொன்னாங்களா?"

"ஜெட்டில நோட்டீஸ் ஒட்டியிருக்கு. சேவையெல்லாம் ஆன்லைன்ல கெடைக்குதாம், ஜனங்க பிரயாணம் பண்ற தேவை கொறஞ்சிருச்சாம், பயனாளிகளே அப்படிச் சொல்லியிருக்காங்களாம். யாரு சொன்னா? நம்ம ஜோதிதான். வீடியோவுல பட்டுப்புடவ கட்டிட்டு, கப்பல் வேணாம்னு."

"வேணாம்னு சொல்லல சார்," என்றாள் அறிவுமதி.

"நான்தான் பாத்தேனேம்மா."

அவள் புகார் எண்ணைப் படித்துச் சொல்லிவிட்டு அழைப்பை முடித்தாள். கீழே காப்பிக்கடையிலிருந்து யாரோ வெளிநாட்டுக்காரி உரக்கச் சிரிக்கும் சத்தம் வந்தது. அடுத்த அழைப்பை எடுக்காமல் எழுந்து சுந்தரேஷின் அறைக்குப் போனாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நாம கப்பல கொறைக்கச் சொல்லலையே, அறிவு."

"நம்ம வீடியோவ வெச்சுத்தான சார் கொறைச்சிருக்காங்க. அவங்க பேசுன முழுசும் என்கிட்ட இருக்குது. கப்பல் இல்லன்னா என்ன ஆவும்னுதான் சொல்ல வந்தாங்க. நான்தான் நடுவுல நிறுத்திட்டேன். அத அனுப்பலாம் சார்."

"யாருக்கு அனுப்பறது? ஒப்பந்தத்துல தெளிவா இருக்கு. பதிவு எதையும் நாம வெளிய கொடுக்கக் கூடாது. போன் எடுக்கறது நம்ம வேலை, கப்பல் விடறது இல்ல." அவள் முகத்தைப் பார்த்தவர் குரலைத் தணித்தார். "சரி, நான் ஒரு மெயில் போடறேன். வீடியோ வேணாம். ஜனங்க கஷ்டப்படறாங்கன்னு எழுதறேன். சரியா?"

அவர் சொன்னபடி மெயில் போட்டார். பதில் வரவில்லை. அறிவுமதி அந்த முழுப் பதிவைத் தன் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டாள். அனுப்பவில்லை. அக்கா பிரசவத்துக்கு வந்திருந்தாள், அப்பா போட்ட மணிலாக் கடலை அந்த வருடம் மழையில் அழுகிப்போயிருந்தது. வேலை போய்விட்டால் என்ற பயம் அவளுக்கு இருந்தது. இன்னும் ஒரு வாரம் பார்ப்போம், பதில் வந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த ஒரு வாரம் மாதக்கணக்கில் நீண்டது.

இதற்கிடையில் புகார்களுக்குப் பதில் வந்தது. எல்லாப் புகாருக்கும் ஒரே பதில். அதைக் கூப்பிட்டுச் சொல்வதும் அவள் வேலைதான். அப்பாதுரைக்குப் போன் செய்து படித்தாள்.

"'தங்களுக்குத் தேவையான அரசுச் சேவைகள் அனைத்தும் இணையவழியில் கிடைக்கின்றன. தங்கள் புகார் தீர்க்கப்பட்டது.'"

"தீத்துட்டாங்களா?" என்றார் அப்பாதுரை.

"அப்படித்தான் சார் போட்டிருக்குது."

"படிச்சதுக்கு நன்றிம்மா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

ஜோதியம்மாள் கூப்பிடவே இல்லை. அறிவுமதி முயன்றபோதெல்லாம் மணி அடித்து ஓய்ந்தது. ஒருநாள் மதியம் எடுத்தாள்.

"அம்மா, நான் அறிவுமதி பேசறேன்."

"தெரியுது, புள்ள."

"கடையில இருக்கீங்களா?"

"கடைய மூடிட்டேன். கப்பல் இல்லாம யாரு வடை தின்பா? அடுப்புல சோறு இருக்கு. வெக்கிறேன்."

அதன் பிறகு அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது.

பள்ளிக்கூட ஆசிரியர் மாற்றல் வாங்கிப் போனதும், பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. அறிவுமதிக்கு இதுவும் அழைப்புகள் வழியாகத்தான் தெரிந்தது. பள்ளி மாற்றுச் சான்று எப்படி எடுப்பது, ரேஷன் அட்டையை வேறு தீவுக்கு எப்படி மாற்றுவது என்று கேட்டார்கள். எல்லாம் கைப்பேசியிலேயே முடிந்தது. ஊரைக் காலி செய்வதற்கு யாரும் எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டியிருக்கவில்லை.

அப்படி ஒரு பெண்ணுக்கு மாற்றுச் சான்றை இறக்கிக் கொடுத்த அன்று சாயங்காலம், அறிவுமதி அந்த முழுப் பதிவைத் தீவு நிர்வாகத்தின் பெரிய அதிகாரிகளுக்கும், அந்தப் பகுதி மக்கள் பிரதிநிதிக்கும், இரண்டு பத்திரிகைகளுக்கும் அனுப்பினாள். கீழே தன் பெயரையும் எழுதினாள். மறுநாள் சுந்தரேஷிடம் தானே போய்ச் சொன்னாள். அவர் நெடுநேரம் ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"முன்னாடியே அனுப்பியிருக்கலாம்," என்றார். "நானே அனுப்பியிருக்கலாம்."

வேலை போகவில்லை. யாரும் ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்கவும் இல்லை. ஒரு பத்திரிகையில் சின்னதாகச் செய்தி வந்தது. சில மாதம் கழித்து, வெள்ளைத்துறைக்கு வாரம் ஒரு கப்பல் என்று அறிவிப்பு வந்தபோது அறிவுமதி மகிழ்ச்சியோடு அப்பாதுரையைக் கூப்பிட்டாள்.

"ஆமாம்மா, வருது," என்றார். "போன வாரம் வந்துச்சு. நாலு குடும்பம் பீரோ, கட்டிலு எல்லாம் ஏத்திட்டுப் போயிட்டாங்க. சாமான் ஏத்த வசதியா இருக்கு. நானும் அடுத்த மாசம் பொண்ணு வீட்டுக்குக் கெளம்பறேன்."

அடுத்த வருடம் மாசி மாதம், தெரியாத எண்ணிலிருந்து அவளுடைய சொந்தக் கைப்பேசிக்கு அழைப்பு வந்தது. தமிழ்நாட்டு எண்.

"நான் ஜோதியம்மா. நீ குடுத்த நம்பர எழுதி வெச்சிருந்தேன். புழல்ல மகன் வீட்ல இருக்கேன். பௌர்ணமிக்குத் திருணாமல வரேன். ஒன்ன பாக்கணும், ஒரு வேல இருக்கு."

பௌர்ணமியன்று பஸ் ஸ்டாண்டே நிரம்பி வழிந்தது. அறிவுமதி அவளை அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையில் அம்மா போட்டிருந்த கடைக்கு வரச் சொல்லியிருந்தாள். பௌர்ணமிக்கு மட்டும் போடும் கடை. தண்ணீர் பாட்டில், சுண்டல், சுக்குக் காப்பி. வெயில் தாழ்ந்த நேரத்தில் கூட்டத்திலிருந்து ஒதுங்கி ஜோதியம்மாள் வந்து நின்றாள். வீடியோவில் பார்த்ததைவிட இளைத்திருந்தாள். செருப்பைக் கையில் பிடித்திருந்தாள்.

"நீதான அறிவு? கொரல வெச்சு நல்லா ஒசரமா இருப்பேன்னு நெனச்சேன்."

அறிவுமதி ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அம்மா சுக்குக் காப்பி கொடுத்தாள். ஜோதியம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டு, வடைச் சட்டியைப் பார்ப்பவள்போல அடுப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சக்கர எப்படிம்மா இருக்குது?"

"ஜாஸ்திதான். இங்க ஆஸ்பத்திரி கிட்டக்க இருக்கு, அது ஒண்ணு பரவால்ல. வீடுதான் பத்தல. மருமக நல்ல பொண்ணு. ஆனா நான் எங்க உக்காந்தாலும் யாருக்காச்சும் எடஞ்சலா இருக்கு."

அறிவுமதி வெகுநாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்ததையெல்லாம் சொல்ல வாயெடுத்தாள். ஒன்றும் ஒழுங்காக வரவில்லை. "அன்னிக்கு நான்தாம்மா உங்கள அப்படிச் சொல்லச் சொன்னேன். நீங்க சொல்ல வந்தத சொல்ல வுடல. மன்னிச்சிருங்கம்மா" என்று மட்டும் சொன்னாள்.

ஜோதியம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நீ சொல்லச் சொன்ன, நான் சொன்னேன். எனக்கும் ஆசதான். பட்டுப்புடவ கட்டிக்கிட்டு டி.வி.ல வர்ற மாதிரி." அவள் குரலில் கோபம் இல்லை. "ஆனா ஒண்ணு சொல்றேன், புள்ள. ஒன்ன அங்க யாருக்குத் தெரியும்? என்னத்தான் கேட்டாங்க. எங்கூட ஒண்ணா வளந்தவ, எதிர் வீட்டுக்காரி, அவ கெளம்பறப்போ ஜெட்டில எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டா. எங்கிட்ட சொல்லாம கப்பல்ல ஏறிட்டா. நான் அங்கயேதான் நின்னுக்கிட்டிருந்தேன்."

அறிவுமதியின் அம்மா யாருக்கோ தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்துவிட்டு, திரும்பாமலே நின்றாள்.

"முழு வீடியோவையும் அனுப்பினேம்மா. பேப்பர்ல கூட வந்துது."

"மகன் காட்டினான். அதுல நான் தங்கச்சி வீட்ட பத்திச் சொல்றது வருது." அவள் லேசாகச் சிரித்தாள். "தங்கச்சிக்கே காட்டலாம்னு பாத்தேன். அவளும் வீடு மாறிப் போயிட்டா, புது நம்பர் எங்கிட்ட இல்ல."

பிறகு இடுப்பிலிருந்து கைப்பேசியை எடுத்து நீட்டினாள்.

"வந்த வேலைய பாப்போம். அட்ரஸ் மாத்தணும். பென்ஷன் அந்தத் தீவுலயே கெடக்கு. மகனுக்கு நேரமில்ல. நீதான் இதெல்லாம் சீக்கிரம் செய்வியே."

அறிவுமதி கைப்பேசியை வாங்கினாள். வெள்ளைத்துறை என்று இருந்த இடத்தில் புழல் முகவரியை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். பழைய முகவரி நிரந்தரமாக நீக்கப்படும், சம்மதமா என்று கேட்டது. அவள் ஜோதியம்மாளைப் பார்த்தாள்.

"என்ன கேக்குது?"

"வெள்ளைத்துறைய எடுத்துடலாமான்னு கேக்குதும்மா."

ஜோதியம்மாள் பாதைப் பக்கம் திரும்பினாள். பாதையில் ஜனங்கள் போய்க்கொண்டே இருந்தார்கள்.

"இன்னொரு நாள் எடுக்க முடியாதா?"

"எடுக்கலாம்மா. ஆனா அதுவரைக்கும் பென்ஷன் இங்க வராது."

"அப்ப அமுக்கிரு."

அறிவுமதி அழுத்தினாள். விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்று வந்தது. ஜோதியம்மாள் கைப்பேசியை வாங்கி, பார்க்காமலே இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். அறிவுமதி கூடவே நடந்து வருவதாகச் சொன்னாள். கூட்டம் ஜாஸ்தி, இருட்டப்போகிறது, பஸ் ஏற்றிவிடுகிறேன் என்றாள்.

"வேணாம், புள்ள. நான் மெதுவாத்தான் நடப்பேன். நீ கடைய பாரு."

அறிவுமதி கேட்காமல் கொஞ்ச தூரம் பின்னாலேயே போனாள். ஜோதியம்மாள் திரும்பிப் பார்த்து, போ என்று கையைக் காட்டினாள். அவள் நின்றுவிட்டாள். அந்த நரைத்த தலை கூட்டத்துக்குள் போய் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்குத் திரும்பியபோது அம்மா சுண்டல் மடிக்க ஒரு கட்டுக் காகிதத்தை அவள் முன்னால் வைத்தாள்.